எம்.எஸ்சி. இயற்பியலில் எலெக்டிவ் தேர்ந்தெடுத்த அனுபவம்: பகிருங்கள்

இரண்டாம்_செமஸ்டர்:
எங்கள் கல்லூரியில் மூன்றே எலெக்டிவ். கிரிஸ்டல் க்ரோத் (படிகம் வளர்ப்பது), மைக்ரோப்ராசசர், மெடிக்கல் பிசிக்ஸ். நான் மூன்றாவதை டிக் செய்து நீட்டினேன். துறைத்தலைவர் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஃபீஸ் கட்ட வந்திருந்த அப்பாவைப் பார்த்து, "ரேடியேஷன் சமாச்சாரம் சார். நாளைக்குக் கல்யாணம், குழந்தைன்னு வரும்போது சிக்கல். பொண்ணுக்கு கிரிஸ்டல் க்ரோத்தே போதும்" என்றார். அப்பா தலையாட்டினார். துறைத்தலைவர் என் கண்ணெதிரே அந்த டிக் மேல் ஒயிட்னர் தடவினார். அந்த வெள்ளைத் திட்டு மனதை விட்டுப் போகவே மாட்டேன் என்கிறது. திங்கட்கிழமை வரை மாற்றலாமாம். இந்தத் துறையில் பெண்கள் யாராவது இருக்கிறீர்களா?

பீக்கர்_படிகம்:
அந்த "போதும்" என்ற பேச்சுதான் எனக்கு ஆகவில்லை. ஒன்றும் முடியாதவர்கள் ஒதுங்கும் இடமா கிரிஸ்டல் க்ரோத்? நான் கேடிபி என்ற உப்பின் படிகம் வளர்த்தேன். கரைசலை வடிகட்டி, துளையிட்ட தாளால் பீக்கரை மூடி, யாரும் மேசையைத் தட்டிவிடாமல் வாரக்கணக்கில் காவல். ஒரு ராத்திரி கரண்ட் போய் வாட்டர் பாத் குளிர்ந்தது. காலையில் பார்த்தால் அடியெல்லாம் பொடிப்பொடியாக உதிரிப் படிகங்கள். மறுபடி முதலிலிருந்து. கடைசியில் நல்ல படிகம் ஒன்றைப் பொடித்து லேசர் முன்னால் வைத்தோம். உள்ளே போவது 1064 நானோமீட்டர், கண்ணுக்கே தெரியாது. பொடியிலிருந்து பச்சை வெளிச்சம் வந்தது, அலைநீளம் பாதியாகி 532. அதிர்வெண் இரட்டிப்பு என்று பரீட்சையில் எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன், அன்றுதான் பார்த்தேன். பிடித்து எடுங்கள், யாரோ ஒதுக்கினார்கள் என்பதற்காக எடுக்காதீர்கள்.

நீர்_ஃபாண்டம்:
நான் பெண்தான், கதிரியக்கச் சிகிச்சைப் பிரிவில் மெடிக்கல் பிசிசிஸ்ட். இன்டர்ன்ஷிப்பில் ஒரு காலை. லினாக் என்ற கதிர்ச் சிகிச்சை இயந்திரத்தின் தினசரி அவுட்புட், அதாவது வெளிவரும் கதிரின் அளவு, 3 சதவீத வித்தியாச வரம்பைத் தாண்டிக் காட்டியது. வெளியே நோயாளிகள் வரிசை. சீனியர் அக்கா சிகிச்சையை நிறுத்திவிட்டு, கதிரை அளக்கும் அயனிக் கலத்தைத் தண்ணீர்த் தொட்டியில் இறக்கி, வெப்பநிலை, அழுத்தத் திருத்தம் போட்டு மறுபடி அளந்தார். கதவருகே ஒரு பாட்டி, "மெஷினு ரிப்பேராம்மா? எனக்கு இன்னைக்கு உண்டா?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. அளவு வரம்புக்குள் வந்த பிறகுதான் பாட்டி உள்ளே போனார்.

சரி, உங்கள் துறைத்தலைவர் சொன்னதற்கு வருகிறேன். 6 எம்.வி. (மெகாவோல்ட்) லினாக்கில் பீமை நிறுத்தினால் கதிர் இல்லை. சிகிச்சை நடக்கும்போது நாம் கான்கிரீட் சுவருக்கு வெளியே கன்சோலில் இருப்போம். பணியாளருக்கு ஏஇஆர்பி (அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம்) வரம்பு ஐந்தாண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட் (உடல் வாங்கும் கதிரை அளக்கும் அலகு), எந்த ஓர் ஆண்டிலும் 30-ஐத் தாண்டக் கூடாது. கர்ப்பம் என்று தெரிவித்தால் கருவுக்கான வரம்பு 1 மில்லிசீவர்ட், அதற்கேற்ப வேலையை மாற்றித் தருவார்கள்.

இன்னொன்று, நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். ஒரு எலெக்டிவ் தாள் மட்டும் படித்தால் இந்த வேலைக்கு வர முடியாது. எம்.எஸ்சி. இயற்பியல் முடித்தவர்கள் மும்பை பார்க்கில் (பாபா அணு ஆராய்ச்சி மையம்) ஓராண்டு ரேடியாலஜிக்கல் பிசிக்ஸ் டிப்ளமோ படிக்கலாம். அல்லது முழு எம்.எஸ்சி. மெடிக்கல் பிசிக்ஸ், அப்புறம் இன்டர்ன்ஷிப். சேரும் முன் ஏஇஆர்பி ஏற்ற படிப்பா என்று கண்டிப்பாகப் பாருங்கள். ஆர்எஸ்ஓ (கதிர்ப் பாதுகாப்பு அதிகாரி) தகுதித் தேர்வு தனி.

தரமணி_பக்கம்:
எலெக்டிவுக்கு இவ்வளவு கனம் தேவையா? எனக்கும் கிரிஸ்டல் க்ரோத்தைத்தான் தலையில் கட்டினார்கள், ஆசை முழுவதும் தியரியில். பிஎச்.டி. நேர்காணலில் படிகம் பற்றி ஒரு கேள்வி இல்லை. "பெட்டிக்குள் துகள், தாழ்நிலை. பெட்டியின் அகலம் இரு மடங்காகும்படி சுவரைச் சட்டென்று நகர்த்தினால், புதிய தாழ்நிலையில் இருக்க வாய்ப்பு எவ்வளவு?" என்று சாக்பீஸைக் கையில் கொடுத்தார்கள். தொகையிடும்போது கை நடுங்கியது. 32-ஐ 9 பை வர்க்கத்தால் வகுக்க வேண்டும், சுமார் 0.36. குவாண்டம், மின்காந்தவியல், புள்ளியியல் இயக்கவியல் மூன்றும் உறுதியாக இருந்தால் எலெக்டிவ் எந்தக் கதவையும் மூடாது.

நீர்_ஃபாண்டம்:
தரமணி, அடிப்படை முக்கியம் என்பதில் சண்டையில்லை. ஆனால் அவர் கேட்டது வேறு. அவர் கையெழுத்திட்ட படிவத்தை இன்னொருவர் மாற்றியிருக்கிறார். எலெக்டிவ் சின்ன விஷயம்தான் என்றால் அதை அவரே முடிவு செய்யட்டுமே.

இரண்டாம்_செமஸ்டர்:
எல்லோருக்கும் நன்றி. 20 மில்லிசீவர்ட் கணக்கை அப்பாவிடம் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "வாங்கின அளவை யாரும்மா சரிபார்ப்பாங்க?" என்றார்.

நீர்_ஃபாண்டம்:
மார்பில் டிஎல்டி பேட்ஜ் மாட்டியிருப்போம், வாங்கிய கதிர் அதில் பதிவாகும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்குப் போய் அளவு வரும், பெயர்வாரியாகப் பதிவும் இருக்கும். அப்பாவுக்கு இன்னும் கேள்வி இருந்தால் எழுதச் சொல்லுங்கள், ஞாயிறு ராத்திரி வரை பார்க்கிறேன்.