எம்ஜி 42-க்கு 1200 அதிகமாம், 900 போதுமாம்!

தோட்டாக்கணக்கு:
நேற்று வேறொரு இழையில் ஒருவர் தீர்ப்பே எழுதிவிட்டார்: "போர் சிமுலேட்டரில் இரண்டாம் உலகப்போர் ஜெர்மன் இயந்திரத் துப்பாக்கியான எம்ஜி 42 நிமிடத்துக்கு 1200 தோட்டா சுடுவது வெறும் படங்காட்டல், 900-க்கு இறக்கினால்தான் யதார்த்தம்." அதற்குக் கைதட்ட ஒரு கூட்டம் வேறு. 900 என்பது அதற்கு முந்தைய ஜெர்மன் இயந்திரத் துப்பாக்கியான எம்ஜி 34-இன் வேகம் ஐயா. 42-ஐயும் அங்கே கொண்டுபோய் வைத்தால் இரண்டுக்கும் சத்தத்தில்கூட வித்தியாசம் இருக்காது. 42-இன் குழல் முனையில் இருக்கும் பூஸ்டர் வாயுவைத் தேக்கிக் குழலைப் பின்னால் தள்ளுகிறது, அந்த வேகம் சும்மா வந்ததல்ல. 1200. நொடிக்கு 20. 50 தோட்டா பெல்ட் இரண்டரை நொடியில் தீர வேண்டும்.

முள்வேலி:
அந்த ஒருவர் நான்தான். பேரைச் சொல்லியே திட்டலாம், மறைமுகமா எதுக்கு? 1200-ன்னே வச்சுக்குவோம். தொடர்ந்து அடிச்சா 250 தோட்டாவுக்கு ஒரு தரம் குழல் மாத்தணும். 250 தோட்டா பன்னிரண்டரை நொடியில போயிடும். மாத்த பழகின கைக்கே 5-லிருந்து 7 நொடி ஆகும். விளையாட்டுல என்ன நடக்குது? மூணு பெல்ட்டை ஒரே அழுத்துல காலி பண்றான், குழல் சூடாகவே மாட்டேங்குது. இது யதார்த்தமா? 900-க்கு இறக்குங்க.

தோட்டாக்கணக்கு:
குழல் சூடாகவில்லை என்றால் சூட்டைச் சேர்க்கச் சொல்லுங்கள். போல்ட்டை, அதாவது தோட்டாவைக் குழலுக்குள் தள்ளி அடைக்கும் பாகத்தை, பின்னால் இழுத்து நிறுத்தாமல் குழல் மாற்ற முடியாதபடி செய்யச் சொல்லுங்கள், நானும் கையெழுத்துப் போடுகிறேன். சூடான குழலை வெறும் கையால் தொட முடியாது, அதற்கு ஒரு துணை வீரர் வேண்டும், அதையும் கேளுங்கள். 1200-இல் கைவைக்காதீர்கள்.

நடுமேடு:
இருவரும் இரண்டு வேறு எண்களைப் பேசுகிறீர்கள். விசையை விடாமல் பிடித்தால் பொறிமுறை ஓடும் வேகம் ஒன்று. குழல் தாங்கும்படி நிமிடத்துக்கு நிஜமாகச் சுடக்கூடிய எண்ணிக்கை வேறு. அமெரிக்க இயந்திரத் துப்பாக்கியான எம்240பி-ஐ எடுத்துக்கொள்ளுங்கள்: பொறிமுறை வேகம் 650 முதல் 950. ஆனால் நீடித்துச் சுட 100, பத்து நிமிடத்துக்கு ஒரு குழல். வேகமாகச் சுட 200, இரண்டு நிமிடத்துக்கு ஒரு குழல்.

தோட்டாக்கணக்கு:
எம்240-ஐ இங்கே யார் கேட்டார்கள்? பேச்சு எம்ஜி 42, எண் 1200.

முள்வேலி:
900.

இரவுக்காவல்:
சர்வரில் ஒலியைப் பதிவு செய்து அலைவடிவத்தில் எண்ணிப் பார்த்தேன். முதல் வெடியிலிருந்து ஐம்பதாவது வெடிவரை 3.27 நொடி. நிமிடத்துக்கு 917 வருகிறது. 1200 எங்கே இருக்கிறது?

தோட்டாக்கணக்கு:
முதலில் எண்ணக் கற்றுக்கொள்ளுங்கள். 50 வெடிக்கு நடுவே 49 இடைவெளிதான். 49-ஐ 3.27-ஆல் வகுத்து 60-ஆல் பெருக்கினால் 899. துப்பாக்கிக்குப் பக்கத்தில் நின்று பதிவு செய்தீர்களா? எதிர்ப்பக்கம் நின்றால் தோட்டா காற்றைக் கிழிக்கும் சத்தமும் தனி முகடாகத் தெரியும், எண்ணிக்கை குழம்பும்.

அந்த 899 எப்படி வந்தது என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். ஆயுதக் கோப்பில் இடைவெளி 0.05 நொடி, அதாவது 1200. சர்வர் நொடிக்கு 30 டிக் ஓடுகிறது, அதாவது விளையாட்டின் நிலையை நொடிக்கு 30 தடவை புதுப்பிக்கிறது, ஒரு டிக் 33.3 மில்லிநொடி. 50 மில்லிநொடி முடியும்போது டிக் வரவில்லை, அடுத்த டிக் 66.7-இல் வருகிறது, அப்போதுதான் தோட்டா கிளம்புகிறது. 66.7 என்றால் 900. 60 டிக் சர்வரிலும் ஆபத்து உண்டு: மூன்று டிக் சரியாக 50 மில்லிநொடி, தசமத்தில் ஒரு துளி பிசகினால் நாலாவது டிக்குக்குத் தள்ளிவிடும், மறுபடி 900. எம்ஜி 42 மட்டும் இல்லை, 800 வேகத் துப்பாக்கி எதுவானாலும் 30 டிக்கில் 600-ஆக விழும். அடுத்த வெடியின் நேரத்தை "இப்போது கூட்டல் 0.05" என்று கணக்கிடாமல் "போன வெடி கிளம்பியிருக்க வேண்டிய நேரம் கூட்டல் 0.05" என்று எழுதினால் மீதி நேரம் தொலையாது. சில டிக்கில் ஒரு தோட்டா போகும், சில டிக்கில் எதுவும் போகாது, சராசரி 1200-இல் நிற்கும்.

முள்வேலி:
ஆக இத்தனை நாளா எல்லாரும் 900-லதான் ஆடியிருக்கோம், ஒருத்தருக்கும் குறை தெரியல. அப்புறம் எதுக்குத் திருத்தணும்? இத்தாலிக்காரங்க 42-ஐ வச்சுச் செஞ்ச எம்ஜி 42/59-க்கு 1200 கிராம் போல்ட் போட்டு வேகத்தை 800-க்கு இறக்கினாங்க. நீங்க கும்பிடுற 1200 அங்கே வெறும் எடை.

தோட்டாக்கணக்கு:
அது போருக்குப் பின் வந்தது, தோட்டாவும் 7.62 நேட்டோ. இந்த விளையாட்டின் களம் 1944, தோட்டா 7.92. போல்ட் கனமானால் வேகம் குறையும் என்பது எனக்குப் பாடமா? 1200!

இரவுக்காவல்:
917-ஓ 899-ஓ, 1200 இல்லை என்றுதான் நான் சொன்னேன். எண்ணக் கற்றுக்கொள் என்று சொல்ல நீங்கள் யார்? பிரிட்டிஷ் இயந்திரத் துப்பாக்கியான ப்ரென்னின் மேகசினில் 30-க்குப் பதில் 28 தோட்டா என்று மாற்ற வைத்துப் பாதிப் பேரை விரட்டியவர்தானே நீங்கள்?

தோட்டாக்கணக்கு:
ப்ரென்னுக்கு 28 நிரப்பியதுதான் நடைமுறை. அதில் போடும் .303 தோட்டாவின் அடியில் விளிம்பு உண்டு. முதலில் போக வேண்டிய தோட்டாவின் விளிம்பு அடுத்த தோட்டாவின் விளிம்புக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால் ஊட்டம் நின்றுவிடும், ஸ்பிரிங்கை நெருக்கி 30 அடைத்தால் இன்னும் மோசம். அதையும் இங்கேயே பேசணுமா? பேசுவோம்.

முள்வேலி:
அந்த 28-ஐயும் நான் ஒத்துக்கல. மேகசின் 30 பிடிக்கும்னா 30.