மறு: 'நாவல் என்டிட்டி': புகுபொருள் என்று வைக்கலாமா?

வணக்கம் நண்பர்களே,

சுற்றுச்சூழல் அறிவியலில் வரும் 'நாவல் என்டிட்டி' (novel entity), அதாவது மனிதன் புதிதாக உண்டாக்கியோ தோண்டிப் பரப்பியோ பூமியின் சூழலுக்குள் விட்ட பொருள், இதற்குத் தமிழில் என்ன சொல் வைக்கலாம் என்று இந்த வாரம் வந்த மடல்களை எல்லாம் படித்தேன். 'வேதி மாசு' என்றே இருக்கட்டும் என்று ஈப்போ ஐயா எழுதியிருந்தார், 'நச்சுப்பொருள்' என்று கிள்ளான் தங்கை, 'செயற்கைப் பொருள்' என்று வேறு இருவர். மூன்றும் எனக்கு ஒட்டவில்லை. பினாங்குத் தமிழ்ப்பள்ளி அறிவியல் ஆசிரியர்களுக்கான பட்டறைக் கையேட்டில் இந்தச் சொல் ஏறப்போகிறது, அச்சில் ஏறிவிட்டால் பிறகு பிள்ளைகள் வாயிலிருந்து இறக்குவது கஷ்டம், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக: பூமி தாங்கக்கூடிய எல்லைகள் ஒன்பது என்று ஸ்வீடன் அறிவியலாளர் யோஹான் ராக்ஸ்ட்ரோம் குழுவினர் 2009-ல் வகுத்தார்கள். பருவநிலை, உயிரினப் பன்மை, நன்னீர், காடழிப்பு, உரத்தில் போகும் நைட்ரஜனும் பாஸ்பரசும், இப்படி. 2025 கணிப்பின்படி ஒன்பதில் ஏழைத் தாண்டியாயிற்று. அதில் ஓர் எல்லைக்கு முதலில் 'வேதி மாசு' என்றுதான் பெயர், 2015-ல் அவர்களே அதை 'நாவல் என்டிட்டீஸ்' என்று மாற்றினார்கள். நெகிழி, பூச்சிக்கொல்லி, மரபணு மாற்றிய உயிர்கள், மனிதன் தோண்டி எடுத்து ஊரெல்லாம் பரப்பிய ஈயமும் பாதரசமும் எல்லாம் இதற்குள் அடங்கும். அவர்களே கழற்றிப் போட்ட பெயரை நாம் ஏன் எடுத்து மாட்டிக்கொள்ள வேண்டும்?

'மாசு' என்றால் என்ன ஆகிறது என்று போன பட்டறையிலேயே பார்த்தேன். திரையில் 'வேதி மாசு' என்று போட்டதும் ஓர் ஆசிரியை, "ஜூரு ஆற்றில் கழிவை விடுகிறார்களே, அதுதானே?" என்று கேட்டார். அவர் கேட்டதில் தப்பே இல்லை. மாசு என்றாலே நமக்குக் குழாய், நுரை, நாற்றம். ஆனால் அந்த அறையில் இருந்த பிளாஸ்டிக் நாற்காலியும் ஒட்டாத தோசைக்கல்லின் பூச்சும் இந்த எல்லைக்குள் வருபவைதான், அவற்றை யாரும் ஆற்றில் கொட்ட வேண்டியதில்லை.

'நச்சு' இன்னும் சிக்கல். குளிர்பெட்டிக்குள் இருந்த சி.எஃப்.சி. வாயுவை எடுத்துக்கொள்ளுங்கள். தீப்பற்றாது, மனிதனுக்கு நஞ்சும் இல்லை, அதனால்தான் 1930-களில் அதைக் கொண்டாடினார்கள். ஓசோன் படலத்தை அது தின்னும் என்று 1974-ல் சொன்னார்கள், அண்டார்டிகா மேல் ஓட்டை விழுந்தது 1985-ல் தெரிந்தது, 1987-ல் அதைக் கைவிட மொன்றியல் ஒப்பந்தம். டைக்ளோஃபெனாக் கதை அதைவிட மோசம். நமக்கு மூட்டு வலி மாத்திரை, மாட்டுக்கும் வலி மருந்து, ஆனால் அந்த மாடு செத்து அதைத் தின்ற பாறுக் கழுகுக்குச் சிறுநீரகம் செயலிழந்துவிடும். இந்தியாவில் சில பாறு இனங்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் அழிந்த பிறகுதான் 2006-ல் கால்நடைகளுக்குக் கொடுப்பதைத் தடை செய்தார்கள். இதை நஞ்சு என்பதா, மருந்து என்பதா?

நம் தோட்டத்துப் பேச்சிலேயே இதற்குப் பதில் இருக்கிறது. என் அம்மா செம்பனைத் தோட்டத்தில் மருந்தடிக்கும் வேலை பார்த்தவர். பாராகுவாட் என்ற களைக்கொல்லியை அங்கே யாரும் நஞ்சு என்று சொல்லிக் கேட்டதில்லை, 'மருந்து'தான். முதுகில் தொட்டி, ஒரு கையில் பம்ப் பிடி, மறு கையில் குழாய், வாயைச் சுற்றி ஒரு பழைய துண்டு. தொட்டி கசிந்து சட்டையின் முதுகில் நீலப்பச்சைக் கறை படிந்திருக்கும், நகங்கள் வெளுத்து வெடித்துப் போயிருந்தன. 2020-ல்தான் மலேசியாவில் அதற்கு முழுத் தடை வந்தது. ஒரே பொருளை ஒருவர் மருந்து என்றும் இன்னொருவர் நஞ்சு என்றும் சொல்லும்போது கலைச்சொல் எந்தப் பக்கமும் சாயக் கூடாது. அது நல்லதா கெட்டதா என்று தெரியாமலே வெளியே விட்டதுதான் இங்கே குற்றம். உலகில் உற்பத்திக்கும் பயன்பாட்டுக்கும் பதிவான வேதிப்பொருள்களும் கலவைகளும் ஏறக்குறைய 3,50,000. சோதிப்பதும் கண்காணிப்பதும் இந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியவில்லை என்ற காரணத்தைக் காட்டித்தான் 2022-ல் இந்த எல்லையைத் தாண்டிவிட்டோம் என்றார்கள்.

'செயற்கை'யைச் சுருக்கமாக முடித்துவிடலாம். ஈயம் செயற்கை இல்லை. மண்ணுக்குள் இருந்தது, பெட்ரோலில் கலந்து காற்றில் விட்டோம்.

அதனால் என் பரிந்துரை 'புகுபொருள்'. 'புதியன புகுதல்' என்று நாம் காலங்காலமாகச் சொல்கிற அதே புகுதல்தான். வினைத்தொகை என்பதால் முக்காலமும் அதற்குள் இருக்கிறது: புகுந்த பொருள் ஓசோனைத் தின்ற வாயு, புகுகின்ற பொருள் நெகிழித் துகள், புகும் பொருள் நாளைக்கு எந்த ஆய்வகத்திலிருந்து வருமோ அது. கெட்டது என்று முன்கூட்டியே தீர்ப்பு எழுதவில்லை, ஆனால் 'யார் உள்ளே விட்டது, சோதித்தார்களா' என்ற கேள்வியைச் சொல்லே கேட்க வைக்கிறது. பழையன கழிவதுபோல இவை கழிவதில்லை என்பதையும் வகுப்பில் அப்படியே தொடர்ந்து சொல்லிக்கொடுக்கலாம்.

இரண்டு ஆட்சேபம் வரும் என்று நினைக்கிறேன். மரபணு மாற்றிய பயிர் உயிர்தானே, அதைப் பொருள் எனலாமா? நம் இலக்கணத்தில் பசுவும் பொருட்பெயர், கல்லும் பொருட்பெயர், அதனால் தாராளமாகச் சொல்லலாம். 'புதிது' என்பது சொல்லில் வெளிப்படையாக இல்லையே என்பது அடுத்தது. அது நியாயமான குறைதான். 'புதுப்புகுபொருள்' என்று வைத்துப் பார்த்தேன், நான்காம் ஆண்டுப் பிள்ளை நாக்கு சுளுக்கிக்கொள்ளும். குட்டையாக இருப்பதே மேல் என்பது என் கட்சி.

'அயற்பொருள்' என்று சிங்கப்பூர் அண்ணன் சொன்னதும் நல்ல சொல்தான், ஆனால் கண்ணில் விழும் தூசிக்கும் தொண்டையில் சிக்கும் முள்ளுக்கும் மருத்துவக் கட்டுரைகளில் அது ஏற்கெனவே ஓடுகிறது.

வாக்கியத்தில் போட்டுப் பார்த்தேன்: "புகுபொருள் எல்லையை உலகம் தாண்டிவிட்டது." "சோதிக்கப்படாத புகுபொருளை வெளிவிடும் அளவு சுழியமாக இருக்க வேண்டும்." எனக்கு உறுத்தவில்லை. மாற்றுச் சொல் தருபவர்களும் இதே இரண்டு வாக்கியத்தில் போட்டு அனுப்புங்கள், ஒப்பிட வசதியாக இருக்கும். உயிரியல் எடுக்கும் ஆசிரியர்கள் யாராவது இதே சொல் உங்கள் பாடத்தில் வேறு எதற்காவது வருகிறதா என்று பார்த்துச் சொன்னால் பெரிய உதவி. கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது.

அன்புடன்,
பட்டர்வொர்த்திலிருந்து