கார்வெட் இசட்51: வாங்கிய பிறகு சேர்க்க முடியுமா?

டார்க்குறெஞ்ச்:
செவ்ரோலே கார்வெட்டின் ஏழாம் தலைமுறையான சி7 ஸ்டிங்ரே (2014–19) தேடுகிறேன். இசட்51 (தொழிற்சாலையிலேயே சேர்த்து வரும் பெர்ஃபார்மன்ஸ் பேக்கேஜ்) இல்லாதது விலை குறைவு. ஸ்பிரிங், பிரேக் மட்டும் மாற்றினால் இசட்51 ஆகிவிடாதா?

ஆயில்பம்ப்:
சி4, சி6 என்றால் ஏறக்குறைய ஆகும். 1984 சி4 இசட்51-இல் ஸ்பிரிங் அவ்வளவு கெட்டி, குலுக்கல் பொறுக்காமல் புகார் எழுந்து மறு வருடமே தளர்த்தினார்கள். சி6-இல் முன் டிஸ்க் 325-க்குப் பதில் 340 மி.மீ., மேனுவலில் முதல் கியர் 2.66-க்குப் பதில் 2.97. எல்லாமே கழற்றி மாட்டுகிற சரக்கு.

சி7 அப்படியில்லை. ஸ்டிங்ரேயில் டிரை சம்ப்பும் (ஆயிலைத் தனித் தொட்டியில் வைக்கும் முறை) எலக்ட்ரானிக் எல்எஸ்டியும் (ஒரு சக்கரம் மட்டும் சும்மா சுழலாமல் தடுக்கும் டிஃபரன்ஷியல்) இசட்51-க்கு மட்டும். ஒன்றுக்குப் பம்ப், பான், தொட்டி, குழாய் எல்லாம் மாற வேண்டும்; இன்னொன்றுக்கு மாட்யூலும் புரோகிராமிங்கும் வேண்டும். மிச்சம் பிடித்த பணம் அதிலேயே போய்விடும்.

அதைவிட மோசம்: ஸ்பிரிங்கும் டயரும் மாற்றி கிரிப்பைக் கூட்டினால், டிராக்கின் நீண்ட வளைவில் வெட் சம்ப்பில் (எஞ்சின் அடியில் உள்ள பானிலேயே ஆயில் இருக்கும் சாதாரண முறை) ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கும். பிக்-அப் (ஆயிலை உறிஞ்சும் குழாய்) காற்றை உறிஞ்சும். பேரிங் காலி. தெருவில் மட்டும் ஓட்டுவதானால் இந்தக் கவலை வேண்டாம்.

டிப்ஸ்டிக்:
வீலை வைத்து முடிவு செய்யாதீர்கள். இசட்51-க்கு முன்/பின் 19/20 அங்குலம், சாதாரணத்துக்கு ஆரம்ப வருடங்களில் 18/19. ஆனால் வீலை யாரும் மாற்றிவிடலாம். பானெட்டைத் திறந்து டிப்ஸ்டிக் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். தனித் தொட்டியிலிருந்து வந்தால் டிரை சம்ப். ஆயிலும் சுமார் 9.3 லிட்டர் பிடிக்கும், வெட் சம்ப்பில் 6.6 தான்.

அளவு பார்க்கும் முறையில்தான் பலர் சறுக்குகிறார்கள். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் ஆயில் தொட்டியிலிருந்து எஞ்சினுக்குள் இறங்கியிருக்கும், குச்சி குறைவாகக் காட்டும். அதை நம்பி ஊற்றினால் அதிகமாகி, இன்டேக் வரை ஆயில் போகும். ஆயில் 80 டிகிரி தாண்டும்வரை ஓட்டி, நிறுத்தி, 5 நிமிடம் கழித்துப் பாருங்கள்.

சர்க்லிப்:
சி8-க்குத் தாவ முடிந்தால் கணக்கே வேறு. டிரை சம்ப் எல்லா ஸ்டிங்ரேயிலும் உண்டு. 2020-இல் 5,000 டாலர் இசட்51-க்கு எலக்ட்ரானிக் எல்எஸ்டி, 5.17 ஃபைனல் டிரைவ் கியர் விகிதம் (சாதாரணத்தில் 4.89), பெரிய பிரேக், கூடுதல் கூலிங், எக்ஸாஸ்டால் 5 குதிரைத்திறன் அதிகம். சம்மர் டயர் என்பதை மறக்க வேண்டாம்: 5 டிகிரிக்குக் கீழே பிடிப்பு போகும், மைனஸ் 7-க்குக் கீழே வண்டியை நகர்த்தினால் டயர் விரிசல் விடலாம்.