சிஸ்டர் டாக்டர் மேரி குளோரி: வைத்தியம் பார்க்கப் போப்பாண்டவர் அனுமதி எதற்கு?

மருதம் கேட்டது:
எங்கள் சர்ச் பங்கின் ஆண்டுமலருக்கு மிஷன் ஆஸ்பத்திரி சிஸ்டர்களைப் பற்றிக் கட்டுரை எழுதுகிறேன். 1920-இல் குண்டூருக்கு வந்து, 1957-இல் பெங்களூரில் இறக்கும்வரை இந்தியாவிலேயே இருந்துவிட்ட ஆஸ்திரேலிய டாக்டர் மேரி குளோரியை எடுத்துக்கொண்டேன். கன்னியாஸ்திரி ஆன பிறகு அவர் வைத்தியம் பார்க்கப் போப்பாண்டவரே தனி அனுமதி கொடுக்க வேண்டியிருந்ததாம். படித்த டாக்டருக்கு எதற்கு அனுமதி? இன்னொன்று, "தியாகச் சுடர்" என்று எழுதி முடிக்க எனக்கு மனசு வரவில்லை. அவர் உருப்படியாக என்ன செய்தார் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சாளரம்:
துறவிகள் மருத்துவத் தொழில் செய்யக் கூடாது என்று அப்போது திருச்சபைச் சட்டம் இருந்தது. நோயாளிக்குப் பணிவிடை செய்யலாம், பிரசவம் பார்ப்பது கூடாது. இதில் அடிபட்டது பெண்கள்தான். பெண்கள் வெளி ஆண்கள் கண்ணில் படக்கூடாது என்கிற கோஷா முறை இருந்த வீடுகளில் ஆண் டாக்டரை உள்ளே விடமாட்டார்கள் (சென்னையில் 1885-இல் பெண்களுக்குத் தனி ஆஸ்பத்திரி வந்ததே இதனால்தான், இன்றைக்கும் அதை கோஷா ஆஸ்பத்திரி என்றுதான் சொல்கிறோம்). உள்ளே போகக்கூடிய கன்னியரையோ சட்டம் கட்டிப்போட்டிருந்தது. ஸ்காட்லாந்து டாக்டர் ஆக்னஸ் மெக்லாரன் ராவல்பிண்டியில் பெண்களுக்கு ஆஸ்பத்திரி அமைக்கப் பாடுபட்டபோது இதைக் கண்கூடாகப் பார்த்து, தடையை நீக்கச் சொல்லி ரோமில் போய் மன்றாடினார். 1913-இல் இறந்தும் போனார். அவரைப் பற்றிய ஒரு சிறு பிரசுரம் 1915-இல் மெல்போர்னில் டாக்டராக இருந்த மேரி குளோரி கையில் கிடைத்தது, அதோடு அவர் இந்தியாவுக்குப் போவதென்று முடிவு செய்துவிட்டார். போர்க்காலம் என்பதால் உடனே கிளம்ப முடியவில்லை, 1919-இல் எம்.டி. முடித்துவிட்டு வந்து இயேசு மரி சூசை சபையில் சேர்ந்தார். அவருக்குப் பதினைந்தாம் பெனடிக்ட் விலக்குக் கொடுத்தார். பொதுவான தடை நீங்கியது 1936-இல்! நானும் கத்தோலிக்கன்தான், ஆனால் அந்தத் தாமதத்தை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது. இதைக் கட்டுரையில் மழுப்பாமல் எழுதுங்கள்.

ஓய்வுபெற்ற நர்ஸ்:
உருப்படியாக என்ன செய்தார் என்று கேட்டீர்கள். உள்ளூர்ப் பெண்களை நர்ஸாகவும் மருத்துவச்சியாகவும் கம்பவுண்டராகவும் பழக்கினார், என்னைக் கேட்டால் அதுதான் பெரிய வேலை. ஒரே ஒரு டாக்டர் எத்தனை கிராமத்துக்குத்தான் போக முடியும்? நான் வேலை பார்த்த கிராமத்து மிஷன் ஆஸ்பத்திரியில் ஒரு வயதான சிஸ்டர் இருந்தார். கர்ப்பிணி வயிற்றில் மரக்குழலை வைத்து, காதை அழுத்திப் பொருத்தி, சிசுவின் துடிப்பை ஒரு முழு நிமிஷம் எண்ணச் சொல்வார். பிறகு தானும் எண்ணுவார், கணக்கு ஒத்துவராவிட்டால் நாம் மறுபடி குனிய வேண்டும். கோபப்படவே மாட்டார், ஆனால் விடவும் மாட்டார். அவர் ஊரில் இல்லாத இரவுகளில் வலியோடு வந்த பெண்களுக்கு நாங்களேதான் பிரசவம் பார்த்தோம், கை நடுங்கவில்லை.

கரிசல்:
மேலே சொன்னதோடு ஒன்று. 1943-இல் 16 சிஸ்டர்கள் கூடிக் கத்தோலிக்க ஆஸ்பத்திரிகளுக்கென்று ஒரு சங்கம் தொடங்கினார்கள், முன்னின்று நடத்தியவர் குளோரிதான். இன்று 'சாய்' என்கிற பெயரில் நாடு முழுக்க இயங்குகிறது. மருத்துவக் கல்லூரி ஒன்றும் வேண்டும் என்று ஆசைப்பட்டார், ஆனால் பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் 1963-இல் வந்தபோது அவர் இல்லை.

2013-இல் அவருக்குப் புனிதர் பட்டத்துக்கு முதல் படியான 'இறை ஊழியர்' பட்டம் கிடைத்தது, சந்தோஷம். ஆனால் அவரோடு ராத்திரி பகலாக நின்ற தெலுங்குப் பெண்களின் பெயர் யாருக்கும் தெரியாது, அதுதான் எனக்கு உறுத்தல். உங்கள் பகுதி ஆஸ்பத்திரியில் உழைத்த சிஸ்டர்களின் பெயர்களையும் ஒரு பக்கம் போடுங்கள் மருதம். வயதானவர்கள் மடத்தில்தான் இருப்பார்கள், நேரில் போங்கள். காலை ஜெபமும் பலகாரமும் முடிந்த பிறகு போனால் நிதானமாகப் பேசுவார்கள், பழைய பிரசவ ரிஜிஸ்டர் இருக்கிறதா என்றும் மறக்காமல் கேளுங்கள்.