கல்யாண வீட்டுக் குழாயில் கேட்ட பழைய பாட்டுகள்: உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்

(சங்கரன்கோவில் பக்கம்)

பழைய பாட்டு என்று பேச்செடுத்தாலே எல்லாரும் ரேடியோவைத்தான் சொல்கிறார்கள். எங்கள் ஊரில் ரேடியோ இருந்த வீடுகள் குறைவு. வருஷா வருஷம் லைசென்ஸ் பணம் கட்டி வைத்துக்கொள்ள வேண்டிய பொருள் அது. எங்களுக்குப் பாட்டு வந்ததெல்லாம் மைக்செட்டில்தான். யாரோ வீட்டுக் கல்யாணம், யாரோ வீட்டுச் சடங்கு, ஊர்க் கோவில் கொடைத் திருவிழா. பூவரச மரத்திலோ மூங்கில் கம்பிலோ குழாய் ஸ்பீக்கரைக் கட்டிவிட்டால் சுற்றி இருக்கிற நாலு ஊருக்கும் அன்றைக்குப் பாட்டு.

என் தாய்மாமா மைக்செட் வைத்திருந்தார். ஒரு ஆம்ப்ளிஃபயர், ஒரு ரெக்கார்டு பிளேயர், குழாய் ஸ்பீக்கர்கள், அப்புறம் ஒரு தகரப் பெட்டி நிறைய இசைத்தட்டு. எழுபதுகளில் 45 சுற்று ஓடும் சின்னத் தட்டுகள் வந்துவிட்டன. ஆனாலும் நிமிஷத்துக்கு 78 சுற்று ஓடும் பழைய அரக்குத் தட்டுகளை மாமா விடவில்லை. கை தவறினால் அப்பளமாக நொறுங்கிவிடும். ஒரு பக்கத்தில் மூன்று நிமிஷம் சொச்சம்தான் பாட்டு, அதற்குள் அடுத்த தட்டைத் துடைத்துத் தயாராக வைக்க வேண்டும். அந்த வேலை எனக்கு. தட்டின் ஓரத்தை மட்டும் இரண்டு உள்ளங்கையால் பிடிக்க வேண்டும், வரி ஓடுகிற இடத்தில் விரல் படக் கூடாது.

ஒவ்வொரு உறையின் மூலையிலும் மாமா நீல மையில் ஒரு எழுத்து போட்டிருப்பார். ‘க’ என்றால் கல்யாணம். ‘ச’ என்றால் சடங்கு. ‘கோ’ கோவில். ‘து’ என்று எழுதியவை மட்டும் பெட்டியின் அடியில், செய்தித்தாளில் சுற்றித் தனியாகக் கிடக்கும். துட்டி வீட்டுக்கு, அதாவது சாவு வீட்டுக்கு உரியவை. கல்யாண வீட்டில் அவசரத்தில் அதில் ஒன்று கைக்கு வந்துவிடக் கூடாது என்பதற்குத்தான் இவ்வளவு ஏற்பாடு.

முதலில் சீர்காழி கோவிந்தராஜன் குரலில் பிள்ளையார் பாட்டு. ‘விநாயகனே வினை தீர்ப்பவனே’ ஓடாமல் எந்த வீட்டிலும் எதுவும் தொடங்காது. பெண் அழைத்து வரும் நேரத்துக்குப் பாசமலரில் எல்.ஆர். ஈஸ்வரி பாடிய ‘வாராயென் தோழி வாராயோ’. அந்தப் படம் 1961இல் வந்தது. படத்தையே பார்க்காதவர்கள் கல்யாணத்திலும் அந்தப் பாட்டு ஒலித்தது. முகூர்த்த நேரத்தில் மாமா ஊசியைத் தொடமாட்டார், அது நாயனக்காரருக்கும் தவில்காரருக்கும் உரிய நேரம். கெட்டிமேளம் முடிந்து கொஞ்சம் மூச்சு விட்ட பிறகுதான் மறுபடி தட்டு சுற்றும். சாயங்காலம் பெண் புறப்படும்போது திருச்சி லோகநாதன் பாடிய ‘புருஷன் வீட்டில் வாழப் போகும் பெண்ணே’. 1958இல் ‘பானை பிடித்தவள் பாக்கியசாலி’ படத்துக்காகப் பாடியது. அதுவரை சிரித்துக்கொண்டு வெற்றிலை மடித்த பெண்கள் எல்லாரும் அந்த முதல் வரிக்கே முந்தானையை எடுப்பார்கள்.

வயலில் களை எடுக்கிறவர்களுக்கும் இந்த வரிசை மனப்பாடம். “ஏட்டி, பொண்ண அழச்சாச்சு போல” என்று பாட்டை வைத்தே சொல்வார்கள். கடிகாரம் பார்க்கத் தெரியாதவர்களுக்கும் கல்யாண வீட்டில் இப்போது என்ன நடக்கிறது என்று தெரியும். எனக்கு அந்தப் பாட்டுகள் இவ்வளவு நெருக்கமாக இருப்பதற்கு இதுதான் காரணம். அவற்றை நான் தேடிப் போய்க் கேட்கவில்லை. ஊரில் யாருக்கோ நல்லதோ கெட்டதோ நடந்தது, அந்தச் செய்தியோடு பாட்டும் சேர்ந்து வந்தது.

இனி அந்த அடிப்பெட்டித் தட்டு. பாத காணிக்கை படத்தில் கண்ணதாசன் எழுதி டி.எம்.எஸ். பாடிய ‘வீடு வரை உறவு’. 1962. எங்கள் தாத்தாவுக்கு உலகத்திலேயே பிடித்த பாட்டு அதுதான். வீட்டில் பாட விடமாட்டாள் ஆச்சி. “வெளக்கு வைக்கிற நேரத்துல துட்டி வீட்டுப் பாட்டா?” என்று அடுப்படியிலிருந்தே சத்தம் வரும். தாத்தா அதைத் தோட்டத்துக்குக் கொண்டுபோய்விடுவார். கிணற்றடியில் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டே, மண்வெட்டியை ஊன்றி நின்று, ஒரு வரி பாடுவார், மடை திருப்புவார், அடுத்த வரி பாடுவார்.

அவர் இறந்த அன்று மாமா பெட்டியைத் திறந்துவிட்டு எதை எடுப்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார். ஆச்சிதான் சொன்னாள்: “அதப் போடுல. அவுகளுக்குப் பிடிச்சது.”

போன வருஷம் ராஜபாளையத்தில் ஒரு டீக்கடையில் விடியற்காலை நின்றிருந்தேன். கடைப் பையனுக்கு இருபது வயது இருக்கும். செல்போனில் பழைய பாட்டு வரிசையாக ஓடவிட்டிருந்தான். ‘வீடு வரை உறவு’ ஆரம்பித்ததும் பெஞ்சில் இருந்த பெரியவர் ஒருவர் எழுந்தேவிட்டார். “தம்பி, கடைய தொறந்ததும் இந்தப் பாட்டா? மாத்துப்பா.” பையனுக்குப் புரியவில்லை. “நல்ல பாட்டுதானே தாத்தா” என்றான். அவன் சொன்னதிலும் தப்பில்லை, பெரியவர் பதறியதும் நியாயம். எழுதி அறுபது வருஷம் ஆன பிறகும் ஒரு மனிதரை டீ கிளாசைக் கீழே வைத்துவிட்டு எழ வைக்கிறதே, அந்தப் பாட்டின் பலத்தை அங்கே பார்த்தேன்.

உங்கள் ஊரில் எந்த நேரத்துக்கு எந்தப் பாட்டு? எழுதுங்கள்.

(பாம்பன்)

எங்களுக்குக் குழாயைவிட டிரான்சிஸ்டர்தான் அண்ணே. அதிலும் சென்னை, திருச்சியைவிடக் கொழும்புதான் தெளிவாகக் கேட்கும், நடுவில் கடல் மட்டும்தானே. அப்பா கிழிந்த வலையைச் சரிபார்க்க உட்கார்ந்தால் பக்கத்தில் இலங்கை வானொலி. காலையில் ‘பொங்கும் பூம்புனல்’. அறிவிப்பாளர் கே.எஸ். ராஜா பேச ஆரம்பித்தால் மணலில் விளையாடுகிற நாங்கள்கூட நின்று கேட்போம். அவ்வளவு வேகத்தில் பேசியும் ஒரு எழுத்துகூட உடையாது. அவரை 1989இல் கொழும்பில் கொன்றுவிட்டார்கள் என்ற செய்தி வந்தபோது அவர் முகத்தைக்கூடப் பார்த்திராத எங்கள் தெருவில் சொந்தக்காரர் போனது போலப் பேசிக்கொண்டார்கள்.

அப்துல் ஹமீதின் ‘பாட்டுக்குப் பாட்டு’ பின்னால் சன் டிவியில் வந்தபோது ஊரே பார்த்தது. எங்கள் வீட்டில் மட்டும், “இது நம்ம ரேடியோல வந்ததுதானே” என்று அம்மா உரிமையோடு சொல்வார்.

தை பிறந்தால் வழி பிறக்கும் படத்தில் லோகநாதன் பாடிய ‘ஆசையே அலைபோலே’தான் என் பாட்டு. அதை வீட்டுக்குள் கேட்டால் எனக்கு நிறைவதில்லை. பாலத்தில் பஸ் ஏறும்போது காதில் மாட்டிக்கொண்டு கீழே தண்ணீரைப் பார்ப்பேன். ஊருக்கு வரும்போதெல்லாம் இது உண்டு.

(திருப்பூர்)

எங்க பக்கம் துட்டி வீட்டில் ‘போனால் போகட்டும் போடா’வும் போடுவார்கள். பாலும் பழமும் படம். எங்க அம்மா அதைக் கேட்டால் டிவியை நிறுத்திவிடுவாங்க. அப்பா போன அன்று கேட்டது அவ்வளவு ஆழத்தில் இருக்கிறது. நான் நிறுத்தச் சொல்வதில்லை, வேண்டாம் என்றும் சொல்வதில்லை.

ஒரு சந்தேகம். ‘மணமகளே மருமகளே வா வா’ எந்த நேரத்துக்குப் போடுவார்கள்? என் பெண்ணுக்குத் தை மாதம் கல்யாணம். மண்டபத்தில் டிஜே ஏற்பாடு செய்திருக்கிறார்கள். நாலு பழைய பாட்டாவது முறைப்படி ஓட வேண்டும் என்று எனக்கு ஆசை.

(சங்கரன்கோவில் பக்கம்)

அக்கா, முதலில் வாழ்த்து. அந்தப் பாட்டு சாரதா படம், 1962, கே.வி. மகாதேவன் இசை. தாலி கட்டி முடிந்து, பெண் மாப்பிள்ளை வீட்டு வாசல்படி ஏறும்போது போடுவது. இப்போது எல்லாம் மண்டபத்திலேயே முடிந்துவிடுவதால் சடங்கெல்லாம் முடித்துப் பெண்ணும் மாப்பிள்ளையும் முதல் பந்தியில் உட்காரும்போது போடச் சொல்லுங்கள், பொருத்தமாக இருக்கும். ‘வாராயென் தோழி’ முந்தின நாள் சாயங்காலம் பெண் மண்டபத்துக்குள் வரும்போது. டிஜே தம்பியிடம் பேரை வாயால் சொன்னால் புது ஆட்கள் பாடிய பதிப்பைப் போட்டுவிடுவார். பாட்டு, படம், வருஷம் மூன்றையும் தாளில் எழுதிக் கொடுங்கள். முகூர்த்தத்துக்கு நாயனம் சொல்லியாகிவிட்டது இல்லையா? அந்த நேரம் பாக்ஸ் ஸ்பீக்கரை அணைக்கச் சொல்லிவிடுங்கள். குழாய் கட்டத்தான் இன்று விடமாட்டார்கள். படிக்கிற பிள்ளைகளையும் நோயாளிகளையும் நினைத்தால் அது சரிதான் என்பேன். ஆனால் மண்டபத்துக்குள் நெஞ்சு அதிர வைக்கிற பாக்ஸில் ஈஸ்வரியின் குரல் அடிபட்டுப் போகும், பேஸைக் குறைக்கச் சொல்லுங்கள்.

பெண் புறப்படும்போது லோகநாதன் பாட்டு வேண்டுமா என்று மகளிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். அழுது முடிக்க எல்லாருக்கும் நேரம் இருக்கிற மாதிரி, கார் கிளம்புவதற்குக் கால்மணி முன்னால் போடச் சொல்லுங்கள்.