புதுப்பிப்பு: பி கம்பி சுருதி விலகல், குறை நட்டில்தான்

போன பதிவில் கேட்டது இது: ஐந்து கம்பி பேஸ் கிட்டாரில் ஓப்பன் பி (எங்கும் அழுத்தாமல் மீட்டும் பி கம்பி) சரியாக இருக்கிறது, முதல் ஃபிரெட்டில் (கழுத்தின் குறுக்கே உள்ள உலோகக் கட்டை) சி மட்டும் 15 சென்ட் (ஒரு சென்ட் என்பது அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கு) ஏறி நிற்கிறது. பிரிட்ஜில் (உடல் பக்கம் கம்பியைத் தாங்கும் பகுதி) இன்டொனேஷன் (கம்பியின் நீளத்தை மாற்றிச் சுருதி திருத்துவது) திருகியதெல்லாம் வீண். அது பன்னிரண்டாம் ஃபிரெட்டுக்கான வைத்தியம்.

.125 அங்குலத் தடிமன் கம்பியை .130க்கு மாற்றியதில், நட்டின் (கழுத்தின் மேல்முனையில் கம்பிகளைத் தாங்கும் சிறு கட்டை) பள்ளத்துக்குள் இறங்காமல் கம்பி மேலேயே உட்கார்ந்துவிட்டது. மூன்றாம் ஃபிரெட்டில் அழுத்திக்கொண்டு முதல் ஃபிரெட்டுக்கு மேலே பாருங்கள். ஒரு தாள் நுழையும் இடைவெளி போதும். இதில் விசிட்டிங் கார்டே தாராளமாகப் போனது.

பள்ளத்தை அகலப்படுத்தினேன், ஆழப்படுத்தவில்லை. ஆழம் கூடினால் ஓப்பன் கம்பி கரகரக்கும், அப்புறம் புது நட்டுதான். ஹெட்ஸ்டாக் (கம்பி முறுக்கும் தலைப்பகுதி) பக்கம் பள்ளத்துக்கு லேசான சரிவு கொடுத்தேன். சாடிலுக்கு (பிரிட்ஜில் கம்பி உட்காரும் துண்டு) முன்னால் கம்பியைக் கட்டைவிரலால் ஓர் அழுத்து. பி-யின் மங்கலான ஒலி பாதி அதிலேயே போனது. இப்போது சி 3 சென்ட்தான் கூட.