சமூக மன்றங்கள் மீதான சட்டமியற்றும் அதிகாரம் கார்டிஃபுக்கு வந்ததால் நடைமுறையில் என்ன மாறியது?

கேள்வி

வணக்கம். ஆறு ஆண்டுகளாகக் குடும்பத்துடன் வேல்ஸில் வசிக்கிறேன். எங்கள் ஊர்ச் சமூக மன்றத்தில் (வேல்ஸில் உள்ளாட்சியின் கடைசி அடுக்கு) இரண்டு இடங்கள் காலியாக உள்ளன என்றும், தேர்தல் வேண்டுமென்று வாக்காளர்கள் எவரும் கோராததால் அவை மன்ற உறுப்பினர்களே ஆளைத் தேர்ந்தெடுக்கும் நியமன முறையில் நிரப்பப்படும் என்றும் நூலகத்துக்கு வெளியே உள்ள பலகையில் ஒரு தாள் ஒட்டியிருந்தார்கள். விண்ணப்பிக்கும் எண்ணத்தில் மன்றத்தின் பழைய கூட்டக் குறிப்புகளை எடுத்துப் படித்தேன். ஒரு தீர்மானத்துக்கு 1972ஆம் ஆண்டுச் சட்டத்தையும், அடுத்ததற்கு 2011ஆம் ஆண்டுச் சட்டத்தையும், இன்னொன்றுக்கு 2021ஆம் ஆண்டுச் சட்டத்தையும் ஆதாரமாகக் காட்டியிருக்கிறார்கள். முதலாவது வெஸ்ட்மின்ஸ்டர், அதாவது லண்டனில் உள்ள பிரிட்டிஷ் நாடாளுமன்றம், இயற்றியது. மற்ற இரண்டும் வேல்ஸின் தலைநகர் கார்டிஃபில் உள்ள சட்டமன்றத்தில் இயற்றப்பட்டவை. ஒரே மன்றத்துக்கு இரண்டு இடங்களிலிருந்து சட்டம் வருவது எப்படி? விளையாட்டுத் திடல், பேருந்து நிழற்குடை, இடுகாடு ஆகியவற்றைப் பராமரிக்கும் ஒரு சிறு மன்றத்துக்கு, அதன் சட்டத்தை யார் எழுதுகிறார்கள் என்பதால் உண்மையிலேயே வேறுபாடு உண்டா?

முதல் பதில்

சமூக மன்றங்களை உருவாக்கியது 1972ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டம். 1974இல் அது நடைமுறைக்கு வந்தபோது, வேல்ஸில் அதுவரை இருந்த பாரிஷ் அமைப்புகளின் இடத்தை இந்த மன்றங்கள் எடுத்துக்கொண்டன. 1999இல் கார்டிஃபில் வேல்ஸ் தேசியப் பேரவை செயல்படத் தொடங்கிய பின்னரும், முதன்மைச் சட்டம் இயற்றும் அதிகாரம் அதற்கு இல்லை. 2006ஆம் ஆண்டின் வேல்ஸ் அரசுச் சட்டமே அதற்கு முதல் வழியை ஏற்படுத்தியது. ஆனால் அந்த வழி மிகவும் சுற்றுவழி.

அச்சட்டத்தின் ஐந்தாம் அட்டவணையில் 20 துறைகளின் பெயர்கள் இருந்தன. பன்னிரண்டாவது துறை உள்ளாட்சி. துறையின் பெயர் அங்கே இருப்பதால் மட்டும் பேரவை அதைப் பற்றிச் சட்டம் இயற்றிவிட முடியாது. எந்தப் பொருள் குறித்துச் சட்டம் வேண்டுமோ அந்தப் பொருளை அத்துறையின் கீழ் சேர்க்கும்படி, 'சட்டமியற்றும் தகுதி ஆணை' ஒன்றை முதலில் கோர வேண்டும். அந்த வரைவைக் கார்டிஃபில் ஒரு குழு ஆராயும். வெஸ்ட்மின்ஸ்டரிலும் குழுக்கள் ஆராயும். பிரிட்டிஷ் அரசின் வேல்ஸ் விவகார அமைச்சர் அதை நாடாளுமன்றத்தில் வைக்க மறுக்கவும் இயலும். அவர் வைத்தால், இரு அவைகளும் ஒப்புக்கொண்ட பிறகு பிரிவி கவுன்சில் என்னும் அரச ஆலோசனை அவையில் அரசியாரின் ஒப்புதல் பெற வேண்டும். இத்தனையும் சட்டம் இயற்றுவதற்கான அனுமதிக்கு மட்டுமே. சட்டத்தை எழுதும் வேலை அதன் பிறகுதான் தொடங்கும்.

சமூக மன்றங்கள் குறித்தும் உள்ளாட்சி உறுப்பினர்கள் குறித்தும் பேரவைக்கு அதிகாரம் வழங்கிய ஆணை 2010இல் வந்தது. அதன் அடிப்படையில் எழுதப்பட்ட 2011ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டம் அந்த ஆண்டு மே 10 அன்று ஒப்புதல் பெற்றது. அதற்குள் அனுமதி கேட்கும் முறையே முடிவுக்கு வந்துவிட்டது: 2011 மார்ச் 3 அன்று நடந்த பொதுவாக்கெடுப்பில் வாக்களித்தவர்களில் 63.5 விழுக்காட்டினர், பேரவை நேரடியாகச் சட்டம் இயற்றலாம் என்று ஒப்புதல் தந்திருந்தனர். 2018 ஏப்ரல் முதல், வெஸ்ட்மின்ஸ்டருக்கென ஒதுக்கப்படாத அனைத்தும் கார்டிஃபுக்கே உரியவை. உள்ளாட்சி அவ்வாறு ஒதுக்கப்படவில்லை. இப்போது 'செனெத்' எனப்படும் அந்தச் சட்டமன்றம், வேல்ஸைப் பொறுத்தவரை 1972ஆம் ஆண்டுச் சட்டத்தையே திருத்தலாம். ஆகவே உங்கள் மன்றத்தை இருவர் ஆளவில்லை. பழைய சட்டத்தில் இன்னும் மாற்றப்படாத பகுதிகளைத்தான் நீங்கள் கூட்டக் குறிப்புகளில் பார்க்கிறீர்கள்.

இரண்டாம் பதில்

நடைமுறை வேறுபாடு உண்டா என்று கேட்டீர்கள். நூலகத்துக்கு வெளியே நீங்கள் படித்த தாளே அதற்கு விடை. நியமன முறையில் நிரப்பவிருக்கும் இடங்களைப் பற்றிப் பொது அறிவிப்பு வெளியிட வேண்டும் என்ற கடமையை மன்றங்களுக்கு விதித்தது 2011ஆம் ஆண்டுச் சட்டம்தான். உறுப்பினர்கள் தமக்குத் தெரிந்த ஒருவரை அழைத்து அமர்த்திக்கொள்வது அதற்கு முன் எளிதாக இருந்தது. நியமனம் நடக்கவிருப்பதே ஊருக்குத் தெரியாமல் போகலாம்.

ஊர்க்கூட்டத்தையும் குறிப்பிட வேண்டும். முன்பு ஆறு வாக்காளர்கள் கையெழுத்திட்டாலே கூட்டத்தைக் கூட்டிவிடலாம். இப்போது பத்து விழுக்காட்டினர் அல்லது 50 பேர், இவற்றில் எது குறைவோ அத்தனை பேர் வேண்டும். இதைச் சிலர் உரிமைக் குறைப்பு என்கிறார்கள். நான் அவ்வாறு கருதவில்லை. ஆறு பேரின் சொந்தப் பகைக்காக ஓர் ஊரையே கூட்டிய நிலை நல்லதன்று.

சமூக மன்றங்களுக்கு மேல் அடுக்கில் உள்ள மாவட்ட (கவுண்டி) மன்றங்களின் உறுப்பினர்களைப் பொறுத்தவரை எனக்கு மிக முக்கியமாகப் படுவது குடும்ப விடுப்பு. 1972ஆம் ஆண்டுச் சட்டத்தின் 85ஆம் பிரிவுப்படி, மன்றம் ஏற்கும் காரணமின்றி ஆறு மாதம் எந்தக் கூட்டத்துக்கும் வராத உறுப்பினர் பதவியிழப்பார். ஒரு பெண் உறுப்பினருக்குக் குழந்தை பிறந்தால், அவர் சக உறுப்பினர்களின் தயவை நாட வேண்டியிருந்தது. 2011ஆம் ஆண்டுச் சட்டம் அதை உரிமையாக்கியது. 2013இல் வந்த விதிகள் 26 வார மகப்பேறு விடுப்பை வரையறுத்தன. தயவுக்கும் உரிமைக்கும் உள்ள தூரம், கைக்குழந்தையுடன் மன்றத்துக்கு வந்தவர்களுக்கே நன்றாகத் தெரியும்.

மூன்றாம் பதில்

மேலே கூறியவை அனைத்தும் சரி. ஆனால் அதிகாரம் கார்டிஃப் வரை வந்தது, அங்கிருந்து கீழே எவ்வளவு இறங்கியது என்ற கேள்வி எஞ்சுகிறது. ஒரு சமூக மன்றத்தில் பல ஆண்டுகள் எழுத்தராகப் பணியாற்றினேன். வாரத்துக்கு எட்டு மணி நேரத்துக்குத்தான் ஊதியம். மன்றத்தின் கோப்புகள் என் வீட்டு மாடிப்படிக்குக் கீழே இருந்தன. ஒவ்வொரு புதிய சட்டமும் வந்தபோது என் மேசைக்கு வந்து சேர்ந்தது பெரும்பாலும் ஒரு புதிய கடமைதான்: 2013ஆம் ஆண்டுச் சட்டத்தால் இணையதளம், 2021ஆம் ஆண்டுச் சட்டத்தால் தொலைவிலிருந்தும் பங்கேற்கக்கூடிய கூட்டங்கள். அவை வேண்டாதவை என்று சொல்ல மாட்டேன். இணையதளம் வந்த பிறகுதான் வரவுசெலவுக் கணக்கைக் கேட்டு மக்கள் எழுதத் தொடங்கினார்கள். ஆயினும் எட்டு மணி நேரம் எட்டு மணி நேரமாகவே இருந்தது.

வேல்ஸின் எல்லாப் பகுதிகளிலும் சமூக மன்றம் இல்லை என்பதையும் மறக்கக் கூடாது. மன்றங்கள் எங்கும் இருக்க வேண்டும் என்று 2018இல் சுயாதீன மறுஆய்வுக் குழு பரிந்துரைத்தது. தலைநகர் கார்டிஃபின் பெரும்பகுதியிலேயே இன்னும் அவை இல்லை.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மிக்க நன்றி. 2021ஆம் ஆண்டுச் சட்டம் 'பொதுத் தகுதி அதிகாரம்' என ஒன்றைத் தருவதாகக் குறிப்புகளில் இருந்தது. எங்கள் மன்றம் அதைப் பெற முடியவில்லை என்றும் எழுதியிருக்கிறார்கள். அது ஏன்?

மூன்றாம் பதில் எழுதியவர்

அந்த அதிகாரம் கிடைத்தால், சட்டம் தடுக்காத எதையும் ஒரு தனிமனிதர் செய்வதுபோல மன்றமும் செய்யலாம். ஒவ்வொரு செலவுக்கும் தனித்தனிப் பிரிவைத் தேட வேண்டியதில்லை. அதற்கு எழுத்தர் உரிய சான்றிதழ் பெற்றிருக்க வேண்டும். கணக்குத் தணிக்கை குறையின்றி இருக்க வேண்டும். மொத்த உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களாக இருக்க வேண்டும். நியமனத்தால் வந்தவர்கள் அந்தக் கணக்கில் சேர மாட்டார்கள். போட்டியின்றித் தேர்வானவர்கள் சேர்வார்கள். உங்கள் மன்றம் எங்கே தடைப்பட்டது என்பதை எழுத்தரிடமே கேளுங்கள். பல மன்றங்களுக்குத் தடை அந்த மூன்றாவது நிபந்தனைதான். இப்போது நியமனத்தில் சேருங்கள். ஆனால் 2027 மே மாதத் தேர்தலில் வேட்புமனுவும் தாக்கல் செய்யுங்கள்.